தண்டையலின் பொறுப்பு

கிதுல்கலவில், களனி கங்கையின் வேக நீரில், ரப்பர் படகின் வழிகாட்டி பின்புறம் அமர்கிறார். எல்லோருடைய துடுப்பும் கண்முன் தெரியவேண்டும் அவருக்கு. அந்தப் படகுச் சவாரித் தொழிலை நடத்தும் முதலாளியின் தலைமை தெரிவதோ மழைநாளில். மலையில் கொட்டி ஆறு ஏறிவிட்டால், காசு கட்டிவிட்டு உடுப்பு மாற்றி நிற்கும் கூட்டத்திடம் "இன்றைக்கு இல்லை" என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். வருமானத்தை இழக்கும் அந்தத் துணிவையே நான் தலைமை என்பேன்.

யாழ்ப்பாணத்தில் அப்படியோர் ஆறில்லை, கடல் இருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பல், கப்பல் தலைவரான தண்டையல் தம்பிப்பிள்ளையின் பொறுப்பில் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டரை அடைந்தது. அந்த மரபில் வந்த குறிகட்டுவான் இறங்குதுறைப் படகுக்காரர்களே, உயிர்காப்பு அங்கி அணியாத ஒருவரையும் ஏற்றாதீர்கள். காற்று மாறினால் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.