வருவாய் வரும் வழி

நிதி வரலாற்றைப் படிப்பதால் முதலீடு செய்வோர்க்கு என்ன பயன்? எந்த நிறுவனத்தை நம்பலாம் என்ற விடையையே பலரும் எதிர்பார்க்கின்றனர். வரலாறு அவ்விடையைத் தருவதில்லை. நாம் கேட்கத் தவறிய வினாவையே அது சுட்டிக் காட்டுகிறது.

1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் நிறுவனம் முறிந்தது. பெயர்பெற்ற ஆங்கிலேய வணிக இல்லம் என்ற நம்பிக்கையில் ஆயிரக்கணக்கானோர் பணம் இட்டிருந்தனர். அதன் தலைவர் சிறை சென்றார். அந்த வீழ்ச்சி தந்த பாடத்தால் 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது.

நூறாண்டுக்குப் பின் நம் கொங்கு நாட்டிலும் அதே கதை நிகழ்ந்தது. திருப்பூரில் அந்நியச் செலாவணி வணிகம் என்று கூறி ஏறத்தாழ 930 கோடி ரூபாய் திரட்டிய பாசி நிறுவனம் 2009இல் வீழ்ந்தது. 2022இல் அதன் இயக்குநர் இருவருக்குக் கோவை நீதிமன்றம் 27 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2012இல் பெருந்துறையின் சுசி ஈமு பண்ணை முடங்கியது. அதன் திட்டம் ஒன்றில், ஒன்றரை இலட்சம் ரூபாய் கட்டுவோர்க்கு ஆறு ஈமுக் குஞ்சுகளும், மாதம் 6,000 ரூபாயும், ஆண்டுதோறும் 20,000 ரூபாயும் வாக்களிக்கப்பட்டன. கணக்கிட்டுப் பார்ப்போம்: ஓராண்டில் 92,000 ரூபாய், அதாவது நூற்றுக்கு அறுபதுக்கும் மேல்! அவ்வளவு ஈட்டும் சந்தை அந்தப் பறவைக்கு இங்கு இருந்ததில்லை. புதியவர் இட்ட பணமே பழையவர்க்கு வருவாயாகச் சென்றது. நிறுவனம் வீழ்ந்தபின் தீவனமின்றி வாடிய பறவைகளுக்கு அரசின் கால்நடைத் துறை இரையளிக்க நேர்ந்தது.

சந்திரப்பிரப பகவான் எழுந்தருளியுள்ள விசயமங்கலம் அந்தப் பெருந்துறையின் அருகிலேயே உள்ளது. கொல்லாமையைப் போற்றும் நாம், "அப்பறவையின் முடிவு என்ன?" என்று கேட்டிருக்க வேண்டாமா? இறைச்சிக்கும் எண்ணெய்க்குமே அது வளர்க்கப்பட்டது.

ஏமாந்தவரைக் குறை கூறுவது அறமா என்று சிலர் கேட்கலாம். வஞ்சித்தவன் குற்றமே பெரிது; அதில் ஐயமில்லை. ஆயினும் நம் ஆகமங்கள் மாயையையும் லோபத்தையும் நான்கு கஷாயங்களுள் அடுத்தடுத்து வைத்துள்ளன. ஒருவனது மாயை மற்றொருவனது லோபத்தைச் சந்திக்கும் இடத்திலேதான் மோசடி நிகழ்கிறது.

இதை நான் பிறரை நோக்கி மட்டும் எழுதவில்லை. 1990களில் ஒரு நிதி நிறுவனம் நூற்றுக்கு இருபத்துநான்கு வட்டி தந்தது. நான் பணம் இட்டேன். வட்டியும் தவறாமல் வந்தது. அந்த மகிழ்ச்சியில், என்னுடன் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய அம்மையார் ஒருவரிடம் அதனைப் புகழ்ந்துரைத்தேன். அவர் தம் மகளின் திருமணத்திற்குச் சேர்த்த பணத்தை அதில் இட்டார். அடுத்த ஆண்டு அலுவலகம் பூட்டப்பட்டது. நான் இழந்ததை மறந்துவிட்டேன். அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசாததை இன்றளவும் மறக்க இயலவில்லை.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றினாலும் வினை வந்தடையும் என்று வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியவள் நான். வட்டிக் கணக்கில் அதனைப் பொருத்திப் பார்க்கவில்லை. உறவினரையும் நண்பரையும் ஒரு திட்டத்தில் சேர்த்துவிடுபவர், தாம் பெறும் ஆதாயத்தோடு அவர்தம் இழப்பிலும் பங்கு கொள்கிறார்.

ஆகவே பணத்தைக் கொடுக்குமுன் மூன்று வினாக்களை எழுப்புவோம். இவ்வருவாய் எத்தொழிலிலிருந்து வருகிறது? அத்தொழிலில் எவ்வுயிர்க்கேனும் துன்பம் உண்டா? எனக்கு இவ்வளவு தேவைதானா? மூன்றாம் வினாவே பரிக்ரஹ பரிமாணம் என்னும் அணுவிரதம். பொருளுக்கு முன்கூட்டியே எல்லை வகுத்துக்கொண்ட இல்லறத்தாரை நூற்றுக்கு அறுபது என்ற சொல் எளிதில் மயக்காது.

பொருள் ஈட்டுவதை ஜினதர்மம் இல்லறத்தார்க்கு விலக்கவில்லை. அது வரும் வழியை அறிந்து ஈட்டுக என்றே பணிக்கிறது. அவ்வழியைக் கேட்டறியும் பழக்கத்தை நம் இல்லத்துச் சிறுவர்க்கு இப்போதே கற்பிப்போம்.