காலியான புத்தகம்

மதுரையிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு கல்லூரி. அங்கே நூலகராக இருக்கும் நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். வெளியே ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு மூலையில், எம்.ஏ. தமிழ் படிக்கும் மாணவர் ஒருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பார்வையில்லாதவர். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள்தான் அவருக்குக் கண்.

"என்ன தம்பி சொல்லுது?" என்று கேட்டேன்.

சிரித்துக்கொண்டே ஹெட்போனைக் கழற்றி நீட்டினார். மாட்டிப் பார்த்தேன். 'இந்த ஆவணம் காலி' என்று ஆங்கிலத்தில் சொல்லியது அந்தக் குரல். திரையைப் பார்த்தேன். முந்நூறு பக்கப் புத்தகம். எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்கிறது!

விஷயம் இதுதான். புத்தகத்தை ஸ்கேன் செய்தபோது ஒவ்வொரு பக்கமும் ஒரு போட்டோவாகிவிட்டது. நமக்கு எழுத்து. மென்பொருளுக்கு வெறும் படம். படத்தில் இருப்பதை எழுத்தாக மாற்றும் ஓ.சி.ஆர். வேலையை யாரும் செய்யவில்லை.

இன்னொரு ஃபைலைத் திறந்தார். பழைய பாமினி எழுத்துருவில் யாரோ டைப் செய்த பாடக்குறிப்பு. திரையில் 'பாரதி' என்று இருக்கிறது. எழுத்துக் கூட்டச் சொன்னால் மென்பொருள் 'ஜி, ஹெச், யூ, ஜே, பி' என்கிறது. வெளியே தமிழ் முகம், உள்ளே ஆங்கில எழுத்து. யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது பிரச்னை. தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது 2010-ல். நம் பாடக்குறிப்புகள் பலவற்றுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

நண்பர் கல்நெஞ்சக்காரர் இல்லை. "டெய்லி லஞ்ச் டயத்துல அரை மணி நேரம் நானே படிச்சுக் காட்டிடறேன் சார்" என்றார். கேட்டபோது மனசு நெகிழ்ந்துதான் போனது.

சாயங்காலம் டீக்கடையில் மாணவர் தனியாகச் சொன்னார். "சார் தங்கமானவர். ஆனா அவர் லீவு போட்டா எனக்கும் லீவு. ஒரு வரி புரியலைன்னா இன்னொரு தடவை படிங்கன்னு கேட்கக் கூச்சமா இருக்கும். அவரு சாப்பிடாம படிக்கிறாரேன்னு நினைச்சா, புரிஞ்ச மாதிரி தலையாட்டிடுவேன்."

பஸ்ஸில் திரும்பும்போது இந்தத் தலையாட்டல்தான் உறுத்தியது. நான் படித்தது பி.காம். ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியாக வேண்டும். நண்பர் கணக்கில் புண்ணியம் ஏற ஏற, மாணவர் கணக்கில் நன்றிக்கடன் ஏறிக்கொண்டே போகிறது. பக்கத்து நாற்காலியில் கண் தெரிகிற மாணவன் அதே புத்தகத்தைப் புரட்டுகிறான். அவன் யாருக்கும் கடன்படவில்லையே!

மறுபடி சந்தித்தபோது நண்பரிடம் கேட்டேவிட்டேன். "தினம் அரை மணி நேரம் படிச்சுக் காட்டற நீங்க, அதே அரை மணி நேரத்துல அந்த ஃபைலைச் சரி பண்ணக் கத்துக்கலாமே?"

"எனக்கு ஐம்பத்திரண்டு வயசு சார். நான் படிச்சப்ப கார்டு கேட்லாக்தான். இஷ்யூ, ஸ்டாக் வெரிஃபிகேஷன், நாக் கமிட்டி ஃபைல், எல்லாத்துக்கும் நான் ஒருத்தன். பயிற்சி வகுப்புக்கும் போனேன். புரமோஷனுக்கு சர்டிஃபிகேட் வேணும்ல? பவர்பாயின்ட் போட்டாங்க. சாப்பாடு போட்டாங்க. சர்டிஃபிகேட் குடுத்தாங்க. கீ-போர்டைத் தொட விடலை."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நேரமும் கூட ஒரு ஆளும் தராமல், 'நீ ஏன் கற்கவில்லை' என்று நிர்வாகம் கேட்க முடியாது. பயிற்சி என்பது வருகைப் பதிவேடாகச் சுருங்கிப்போனதற்கு அவர் மட்டும் பொறுப்பில்லை.

ஆனால் நூலகத் துறையின் தாத்தா எஸ்.ஆர்.ரங்கநாதனை நினைத்துப் பாருங்கள். சீர்காழிக்காரர். கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனபோது நூலகவியலில் அவருக்கு எந்தப் படிப்பும் கிடையாது. வேலை பிடிக்காமல், பழைய வாத்தியார் வேலைக்கே போய்விடுகிறேன் என்று நின்றவர். லண்டனுக்குப் போய்ப் பார்த்தார், கற்றார், ஆளே மாறித் திரும்பினார். தான் கற்றதைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. 1929-ல் நூலகர்களுக்குப் பயிற்சிப் பள்ளியே தொடங்கிவிட்டார். 1931-ல் வெளியான அவருடைய ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. 'ஒவ்வொரு' என்ற சொல்லுக்குள் பார்வையில்லாத மாணவரும் உண்டுதானே?

சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு நூலை மாற்றித் தர, 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. இதற்கான சர்வதேச மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதலில் ஏற்றது இந்தியாதான். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைத் தயவு என்று சொல்லவில்லை, உரிமை என்கிறது. சொல்லிக் கொடுக்கவும் ஆள் இருக்கிறார்கள். மதுரை சுந்தரராஜன்பட்டியில் எஸ்.எம்.ஏ.ஜின்னா 1985-ல் தொடங்கிய பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

என்னைக் கேட்டால், தெரியாமல் இருப்பது ஒரு குற்றமே இல்லை. ஆனால் 'இந்தப் புத்தகம் எனக்குக் காலியாக இருக்கிறது' என்று ஒருவர் வந்து சொல்லிவிட்ட பிறகு, தெரியாமல் இருப்பது என்பது நாமே எடுக்கும் ஒரு முடிவு. அதற்குப் பிறகு செய்யும் அன்புகூட, அந்த முடிவை மறைக்கும் போர்வையாகிவிடலாம். இது நூலகருக்கு மட்டும் இல்லை. பாமினியில் நோட்ஸ் அடிக்கும் பேராசிரியருக்கும், பேங்க் கவுன்ட்டரில் 'யாரையாவது கூட்டிட்டு வாங்க' என்பவருக்கும், எனக்கும்தான். நான் அனுப்பும் ஸ்கேன் காப்பிகளை ஒருநாளாவது காதால் படித்துப் பார்த்திருக்கிறேனா?

இதையெல்லாம் பிரசங்கமாகச் சொல்லவில்லை. டீயோடு டீயாகச் சொல்லி வைத்தேன். நண்பர் பதில் பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்து போன் வந்தது. "சார், அந்தப் பையனையே எனக்கு வாத்தியாரா வெச்சுட்டேன். லஞ்ச் டயத்துலதான் கிளாஸ். முதல் நாளே மானிட்டரை ஆஃப் பண்ணுங்கன்னுட்டான். ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஒரு ஃபைலைத் தேடறதுக்குள்ள வேர்த்துடுச்சு."

"அந்த முந்நூறு பக்கம்?"

"நாப்பது பக்கம் முடிச்சிருக்கேன். ஓ.சி.ஆர்.ல நெறய எழுத்துப் பிழை வருது, உட்கார்ந்து திருத்தறேன். நேத்து ஒரு இடத்துல தப்பு விட்டுட்டேன்னு திட்டினான் சார்!"

திட்டினான் என்று சொல்லும்போது அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான். கூச்சப்பட்டுத் தலையாட்டிய பையன், இப்போது தப்பைத் தப்பு என்கிறான். கணக்கு நேராகிவிட்டது.