நாம் விட்ட துணியை எடுப்பது யார்?

விடிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, அப்படியே கோயில்வரை நடந்துவிட்டு வரும் பழக்கம் உங்களுக்கு உண்டா? தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், குரோம்பேட்டை என்று எந்தப் பக்கம் குடியிருந்தாலும் சரி... இந்தக் காட்சி உங்கள் கண்ணில் படாமல் இருந்திருக்காது.

மொட்டைமாடிக் கொடியிலிருந்து காற்றில் பறந்துவந்த துண்டு. ஸ்கூட்டரில் போனவர் தோளிலிருந்து நழுவிய துப்பட்டா. அம்மாவின் தோளில் தூங்கிப்போன குழந்தையின் காலிலிருந்து கழன்று விழுந்த ஒற்றை சாக்ஸ். கொஞ்சம் தள்ளி, ஏரிக்கரை ஓரத்தில் மூட்டையாகக் கட்டி எறிந்த பழைய புடவைகள். மழையில் நனைந்து மண்ணோடு மண்ணாகக் கிடக்கும்.

பார்த்ததும் என்ன செய்கிறோம்? 'யார் கழிச்சுப் போட்டதோ, தாண்டாதே!' என்று கூட வருபவரை எச்சரித்துவிட்டு, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஒதுங்கி நடக்கிறோம். வீட்டுக்கு வந்து காலைக் கழுவியதும் அதை மறந்தும்விடுகிறோம்.

ஆனால், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு துணி நம் உடம்பைவிட்டு இறங்கியதுமே, அதைப் பற்றிய நம் பொறுப்பும் இறங்கிவிடுகிறதா?

கோவணத்தின் எடை என்ன?

தெருவில் கிடக்கும் துணியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தொலைந்தது. மற்றொன்று, தொலைத்துக்கட்டியது!

தொலைந்ததை முதலில் பார்ப்போம். அந்த ஒற்றை சாக்ஸை மறுநாள் அதே இடத்தில் தேடிப் பாருங்கள். பல நேரங்களில் அது தரையில் இருக்காது. யாரோ எடுத்து, மண்ணைத் தட்டி, பக்கத்து வீட்டு காம்பவுண்டு சுவரின் மேல் வைத்திருப்பார். அல்லது கேட் கம்பியில் மாட்டியிருப்பார். தேடிக்கொண்டு வரும் தாயின் கண்ணில் படட்டுமே என்ற நினைப்புதான்! அவர் யாரென்று அந்தத் தாய்க்குத் தெரியப்போவதில்லை. நன்றி சொல்லவும் வழியில்லை. உபயதாரர் பெயர் எழுதாத தர்மம் அது.

'போயும் போயும் ஒரு சாக்ஸ்... இதற்கு இவ்வளவு பேச்சா?' என்று தோன்றுகிறதா? அப்படியானால் அமர்நீதி நாயனாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அறுபத்துமூவரில் ஒருவரான அமர்நீதியார், பழையாறையைச் சேர்ந்த துணி வணிகர். சிவனடியார்களுக்கு அன்னமிடுவதும், உடையும் கோவணமும் கொடுப்பதுமே அவர் தொண்டு. அதற்காகவே திருநல்லூரில் மடம் அமைத்திருந்தார். அங்கே ஒரு நாள் பிரம்மசாரி வேடத்தில் வந்தார் சிவபெருமான். கையிலிருந்த தண்டில் இரண்டு கோவணங்கள். அதில் ஒன்றை அமர்நீதியாரிடம் கொடுத்து, 'பத்திரமாக வைத்திருங்கள்' என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பிவந்து கேட்டபோது, வைத்த இடத்தில் கோவணத்தைக் காணோம்!

மாற்றாகப் புதுக் கோவணம் கொடுத்தார் அமர்நீதியார். வந்தவர் ஏற்கவில்லை. தண்டில் மீதியிருந்த கோவணத்துக்குச் சம எடை தரும்படி கேட்டார். தராசு வந்தது. துணிகளை வைத்தார், தட்டு அசையவில்லை. பொன்னை வைத்தார், பொருளை வைத்தார், அப்போதும் அசையவில்லை. கடைசியில் மனைவியோடும் மகனோடும் தாமே தட்டில் ஏறினார். தட்டு சமமாயிற்று. அந்தத் தராசே விமானமாகி அவர்களைச் சிவலோகம் சேர்த்தது.

இறைவனின் கோவணத்துக்கு ஈடு இணை இல்லை என்பதற்காக இந்தக் கதையைச் சொல்வார்கள். நாம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'இத்துனூண்டு கோவணம்தானே, போகட்டும் விடுங்கள்' என்று அமர்நீதியார் சொல்லவே இல்லை! தொலைந்த பொருள் என்ன விலை என்று அவர் பார்க்கவில்லை. அதை நம்பிக் கொடுத்தவருக்கு அது என்னவாக இருந்தது என்றுதான் பார்த்தார்.

2015 டிசம்பர் மாத வெள்ளத்தை நம் பகுதிக்காரர்கள் மறக்க முடியுமா? முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. வடிந்த பிறகு, தெருவெல்லாம் சேறு அப்பிய துணிக் குவியல்கள். பார்க்கிறவருக்கு அது குப்பை. ஆனால் அதற்குள் ஒருத்தியின் கூறைப்புடவை இருந்திருக்கலாம். அம்மாவின் நினைவாகப் பீரோவில் வைத்திருந்த நூல்புடவை இருந்திருக்கலாம். கிடக்கும் துணியைப் பார்த்து, அதை இழந்தவர் மனசை எடைபோட நம்மிடம் தராசு கிடையாது.

கொடுத்ததா... கழித்ததா?

இனி இரண்டாவது வகை. வேண்டுமென்றே தொலைத்துக்கட்டிய துணி.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, நாகப்பட்டினத்துக்கு ஊர் ஊராக லாரிகளில் பழைய துணிகள் போய்ச் சேர்ந்தன. நல்ல மனசோடு அனுப்பியவர்கள் நிறையப் பேர். ஆனால், கிழிந்ததும் அழுக்கானதுமாக அலமாரியைக் காலி செய்து அனுப்பியவர்களும் உண்டு. முதல் நாள்வரை கடலில் உழைத்துக் கௌரவமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மீனவக் குடும்பங்கள், அடுத்தவர் உடுத்திய துணியைத் தொட மறுத்தன. சாலையோரங்களில் மலைமலையாகக் கிடந்து, அந்தத் துணிகள் மக்கிப்போயின. ஏற்கெனவே துயரத்தில் இருந்த ஊருக்கு, அதை அள்ளுவது இன்னொரு வேலையாயிற்று!

கொடுத்தவர்கள் கணக்கில் அது வஸ்திர தானம். வாங்க வேண்டியவர்கள் கணக்கில் அது என்ன?

தானத்துக்கு ஒரு முகம் வேண்டும். யாருக்குக் கொடுக்கிறோம், அவருக்கு இது ஆகுமா என்ற நினைப்பு வேண்டும். நெசவாளரான நேச நாயனார், தம் கையால் நெய்த உடையையும் கீளையும் கோவணத்தையும் அடியார்களுக்குக் கொடுத்தார். தறியில் உட்காரும்போதே வாங்குகிறவர் அவர் மனசில் இருந்திருப்பார்.

அதற்காக, உடுத்திய துணியைக் கொடுப்பதே தவறு என்று நினைத்துவிடாதீர்கள். கோயிலில் அம்மனுக்குச் சாத்திய புடவை ஏலத்துக்கு வந்தால், கண்ணில் ஒற்றி வாங்கிக்கொள்கிறோமே! பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உறுத்தும் என்று, பாட்டியின் பழைய நூல்புடவையைத் தானே கிழித்து விரிக்கிறோம். தூளி கட்டுவதும் அதில்தானே! உடுத்திய துணியில் குறையே இல்லை. அதை எந்த மனசோடு, எந்த நிலையில் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அன்ஷு குப்தா என்பவர் 1999-ல் தொடங்கிய 'கூஞ்ச்' என்ற அமைப்பு இதைத்தான் செய்து காட்டுகிறது. நகரங்களில் கழித்த துணிகளை வாங்கி, தரம் பிரித்து, கிராமங்களுக்குத் தேவையானதாக மாற்றித் தருகிறார்கள். எதற்கும் உதவாது என்று ஒதுக்கிய பருத்தித் துணியைக்கூடச் சுத்தம் செய்து, பெண்களின் மாதவிலக்கு நாட்களுக்கு உதவும் துணியாக்குகிறார்கள். இந்தப் பணிகளுக்காக 2015-ல் அன்ஷு குப்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

நளன் இழந்ததும் பெற்றதும்

இப்போது, நமக்கெல்லாம் மிக நெருக்கமான விஷயத்துக்கு வருவோம். நம் ஏரிக்கரையில் மட்டுமா துணி கிடக்கிறது? நாம் பக்தியோடு போகும் தீர்த்தங்களிலும் கிடக்கிறது. 

திருநள்ளாற்றில் நளதீர்த்தத்தில் குளித்துவிட்டு, கட்டியிருந்த துணியை அங்கேயே விட்டுவருவது பலருக்கு வழக்கம். பாபநாசத்தில் தாமிரபரணியிலும் அப்படித்தான். துணியோடு தோஷமும் போய்விடும் என்பது நம்பிக்கை. இன்றைய புடவைகளில் பாதி பாலியெஸ்டர், தண்ணீரில் மக்காது. படித்துறையில் குளிப்பவர் காலைச் சுற்றும். ஆற்றின் அடியில் படிந்து, மீனுக்கும் கேடு செய்யும். மூட்டை மூட்டையாக அதை வெளியே எடுக்கிறவர்கள் துப்புரவுப் பணியாளர்களும் தொண்டு செய்ய வருபவர்களும்தான்.

இங்கேதான் ஒரு கேள்வி நெஞ்சைத் தைக்கிறது. நம் தோஷம் அந்தத் துணியில் ஒட்டிக்கொண்டு போகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால், அதைக் குனிந்து எடுக்கிறவர் கைக்கு அது போகுமா, போகாதா?

போகும் என்றால், ஒரு பாவமும் அறியாத, நாள் கூலிக்கு உழைக்கிற ஒருவர் தலையில் நம் பாரத்தை இறக்கிவைத்துவிட்டு, நிம்மதியாகப் பஸ் ஏறுகிறோம். இதைவிடப் பெரிய பாவம் உண்டா? போகாது என்றால், தோஷம் துணியில் இல்லை என்றாகிறது. பிறகு, துணியை எதற்காகத் தண்ணீரில் விட வேண்டும்?

எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும், இரண்டில் ஒன்றைத்தானே நாம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது!

நளன் கதையையே எடுத்துக்கொள்ளுங்களேன். சூதில் நாடிழந்து, கட்டிய ஒற்றை ஆடையோடு காட்டுக்குப் போகிறான் நளன். பொன்னிறப் பறவைகளைக் கண்டு, பிடிப்பதற்காகத் தன் ஆடையை அவற்றின் மேல் வீசுகிறான். பறவைகள் ஆடையோடு பறந்துவிடுகின்றன. பிறகு, தமயந்தியும் அவனும் ஒரே ஆடையைப் பகிர்ந்து உடுத்துகிறார்கள். இரவில் அவள் உறங்கும்போது, அதில் பாதியை அறுத்துக்கொண்டு அவளைத் தனியே விட்டுப் போகிறான். ஆடையை இழந்ததும் அறுத்ததும் அவன் துன்பத்தின் உச்சம்!

அவனுக்கு விடிவு எப்படி வந்தது? காட்டுத்தீயில் சிக்கிய கார்க்கோடகன் என்ற நாகத்தைக் காப்பாற்றினான். அது அவனைத் தீண்டி உருவை மாற்றியது. கூடவே ஓர் ஆடையும் கொடுத்தது. காலம் கனிந்தபோது அந்த ஆடையை உடுத்தித்தான், நளன் பழைய உருவைப் பெற்றான். ஆக, தன் கஷ்டத்திலும் இன்னோர் உயிருக்கு உதவினான், அதற்குப் பலனாகக் கிடைத்ததே அந்த ஆடை. நளனை நினைத்து முழுகுகிற நாம், அவன் கதையில் துன்பமாக வந்த பகுதியைப் பிடித்துக்கொண்டு, அருளாக வந்த பகுதியை விட்டுவிடலாமா?

பயம் வேண்டாமே!

'எல்லாம் சரி... பெரியவர்கள் செய்ததை விட்டால் ஏதாவது ஆகிவிடுமோ?' என்று உங்கள் மனசு கலங்கலாம். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, பிள்ளைக்கு வேலை அமையவில்லை என்று மனம் நொந்துபோய்த்தான் பரிகாரத்துக்குப் போகிறோம். அந்தத் தவிப்பை யாரும் குறை சொல்ல முடியாது. பெரியவர்களின் காலத்தில் உடுத்தியது பருத்தி. வந்தவர்களும் இவ்வளவு பேர் இல்லை. அவர்கள் விட்டது வேறு, நாம் விடுவது வேறு.

தீர்த்தத்தில் முழுகுவதும், சுவாமியை மனமுருகி வேண்டுவதும்தான் முக்கியம். நனைந்த புடவையைப் பிழிந்து ஒரு பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்தால், கூடவே தோஷமும் பஸ் ஏறி வந்துவிடாது! வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லையா? கரையில் துணி சேகரிக்கத் தொட்டி வைத்திருந்தால் அதில் போடுங்கள். தண்ணீரில் மட்டும் விடாதீர்கள்.

இறந்துபோன பெரியவர்களின் துணிகளை வைத்துக்கொள்ளப் பயந்து, இரவோடு இரவாக ஏரிக்கரையில் போட்டுவிடுகிற வீடுகளும் உண்டு. நைந்த துணியைக் களைவதுபோல ஆன்மா உடலைக் களைகிறது என்கிறது கீதை. அப்படிக் களைந்த உடலை நாம் தெருவிலா விடுகிறோம்? நீராட்டி, மாலையிட்டு, மரியாதையோடு அனுப்புகிறோம். அந்த உடலைக் காலமெல்லாம் குளிரிலும் வெயிலிலும் காத்த துணிக்கு அதில் கொஞ்சமாவது மரியாதை வேண்டாமா?

உங்கள் கையால்...

காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்ட நாயனார், அடியார்களின் துணியை வெளுத்துக் கொடுப்பதையே சிவபூஜையாகச் செய்தவர். ஏழை முதியவராக வந்த இறைவனின் கந்தையை, சொன்ன நேரத்துக்கு உலர்த்தித் தர முடியாமல் மழை கொட்டியபோது, துணி துவைக்கும் கல்லில் தம் தலையையே மோதிக்கொண்டார். இறைவன் கை நீட்டித் தடுத்தாட்கொண்டான். ஒரு கந்தைக்காக அவர் பட்ட பாட்டில் நூறில் ஒரு பங்கு நாம் பட்டால் போதும்.

கொடுக்க நினைக்கும் துணியைத் துவைத்து, பட்டன் தைத்து, மடித்துக் கொடுங்கள். 'இதை என் தங்கைக்குக் கொடுப்பேனா?' என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். வாங்குகிறவரிடம், 'உங்களுக்கு வேண்டுமா?' என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். யாருக்கும் ஆகாது என்று தெரிந்தால் மிதியடியாகவோ கரித்துணியாகவோ ஆக்குங்கள். அதற்கும் ஆகாததை, குப்பை வாங்க வருகிறவரிடம் தனியாகக் கட்டிக் கொடுங்கள். அவர் சாக்கடையிலிருந்து பொறுக்கி எடுக்கும்படி விடாதீர்கள்.

வழியில் ஒரு குழந்தையின் சட்டையோ சாக்ஸோ கிடந்தால், பயப்படாமல் குனிந்து எடுத்து, சுவர் மேல் வையுங்கள். சுவாமிக்குப் புடவை சாத்துகிற அதே கைதான் அது. இரண்டு காரியத்தையும் அவன் ஒரே தட்டில் வைத்துத்தான் நிறுப்பான்!