விலாசம் யாருடையது?

வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே போனால் அரியூர் வரை புதுச்சேரி. அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழ்நாடு. திருபுவனை மறுபடியும் புதுச்சேரி. தெற்கே பாகூர் கொம்யூனில், முள்ளோடையைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன துண்டு நிலங்கள் இவை. 1954 அக்டோபர் 18 அன்று, வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தார்கள். அதன்பின் சுங்கச் சாவடிகள் மறைந்தன. ஆனால் வாகன வரி எல்லைக்கு எல்லை வேறாகவே இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி விலையில் 20 சதவீதம். புதுச்சேரியில் அதே காருக்கு அதில் ஒரு சிறு பங்குதான். ஆகவே சென்னையிலும் கொச்சியிலும் ஓடப்போகிற விலையுயர்ந்த கார்கள் புதுச்சேரியின் பி.ஒய். எண்ணோடு பிறக்கின்றன. 2017-ல் கேரளத் திரைநட்சத்திரங்கள் சிலரின் கார்கள் இப்படிப் பதிவானது பெரிய விவகாரமானது. ஒரு காருக்குக் கேரளத்தில் கட்டவேண்டியிருந்த வரி சுமார் 20 லட்சம், புதுச்சேரியில் கட்டியது 2 லட்சத்துக்கும் குறைவு என்று அன்று செய்திகள் வந்தன.

குறைந்த வரி உள்ள இடத்தில் வாங்குவது குற்றமா என்று கேட்பவர்கள் உண்டு. நேர்மையான கேள்விதான். கடலூர்க்காரர் முள்ளோடைக்கு வந்து விலை குறைந்த பெட்ரோல் போட்டுக்கொண்டு போகிறார். அதில் அறக்கேடு எதுவும் இல்லை. பங்கில் நிற்பவர் அவரிடம் நீ எந்த ஊர் என்று கேட்பதில்லை. அவரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. வண்டிப் பதிவு அப்படியல்ல. உரிமையாளர் வசிக்கும் இடம், அல்லது தொழில் நடத்தி வண்டியை வழக்கமாக நிறுத்திவைக்கும் இடம் எந்த மாநிலத்தில் உள்ளதோ அங்கேதான் பதிவு செய்யவேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு. ஆகவே பாண்டியில் வசிக்காதவர் பாண்டிப் பதிவு பெற வேண்டுமென்றால், வசிப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். தவறு தொடங்குவது அந்தக் கையெழுத்தில். வரி வித்தியாசம் அதற்கான தூண்டுதல் மட்டுமே.

இந்தப் பொய் யாரையும் நேராக அடிப்பதில்லை என்று தோன்றலாம். அப்படியல்ல. விபத்து ஏற்படுத்திவிட்டு ஒரு கார் நிற்காமல் போய்விட்டால், எண்ணை வைத்துத் தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது உரிமையாளர் ஒருநாளும் தங்கியிராத ஒரு வாசலில். அங்கே இருப்பவருக்குக் காரும் தெரியாது, காருக்குரியவரும் தெரியாது. பொய் விலாசத்துக்குச் சான்றாகக் காட்டும் வாடகை ஒப்பந்தத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்ட வீட்டுக்காரர், தனக்கு எதுவும் நேராது என்று நம்பித்தான் போட்டிருப்பார். அவருடைய பங்கு சிறியதுதான். ஆனால் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. பதிவை எடுத்துக்கொடுத்த தரகர், வரிப்பணம் வந்தால் போதும் என்று விலாசத்தைப் பார்க்காமல் முத்திரை குத்திய அலுவலர் ஆகியோரின் பங்கு இன்னும் பெரியது. புதுச்சேரி சிறிய பிரதேசம், வருவாய் தேவை என்பது உண்மை. வேறொரு மாநிலத்துச் சாலையில் ஓடும் வண்டியின் வரியைப் பொய் விலாசத்தின் பேரில் வாங்கிக்கொள்வதற்கு அது நியாயமாகாது.

இனி, மிக அதிகம் யோசிக்க வேண்டியது தண்டிக்கும் முறை. இந்த மோசடிக்குப் பழியேற்பது பெரும்பாலும் உண்மையான பாண்டிக்காரர். பாகூரிலிருந்து தினமும் கடலூருக்கு வேலைக்குப் போகிறவருக்கு, வில்லியனூரிலிருந்து விழுப்புரத்துக்கு நோயாளியைக் கூட்டிப்போகிறவருக்கு, பி.ஒய். என்பது பிறந்த ஊரின் அடையாளம். சாலையில் நிறுத்தி ‘ஏன் பாண்டி வண்டி?’ என்று கேட்பது அவரைப் பொறுத்தவரை அவமதிப்பு. வரி ஏய்த்தவரின் காரோ பெரும்பாலும் அந்தச் சோதனைச் சாவடிப் பக்கமே வராது. அது சென்னை அண்ணா நகரில் நிற்கும்.

வெளிமாநில வண்டி என்ற விருந்தாளிக்குச் சட்டம் தாராளமாகவே இடம் கொடுத்திருக்கிறது. ஒரு மாநிலத்தில் செய்த பதிவு நாடு முழுதும் செல்லும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டி வைத்திருந்தால்தான் மறுபதிவு. கர்நாடகம் 30 நாளிலேயே ஆயுள் வரி கேட்க 2014-ல் சட்டம் திருத்தியது. 2016-ல் அங்குள்ள உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. வெளிநாட்டிலிருந்து வண்டியோடு வருகிறவர்களுக்கான 2022 விதிகளும் பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம், காப்பீடு, புகைச் சான்று என்று கையிலிருக்கும் மெய்யான தாள்களைத்தான் கேட்கின்றன. அயல்நாட்டுக்காரரை இவ்வளவு நம்ப முடிகிற அரசு, கண்டமங்கலத்தைக் கடந்து வருகிறவரைச் சந்தேகிக்கக் கூடாது.

அதற்காகக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவதும் முறையல்ல. சென்னையில் வரி கட்டிக் கார் வாங்கிய ஓர் ஆசிரியைக்கு அது இழைக்கும் அநீதி. தேடுவதைச் சாலையில் தொடங்காமல் பதிவேட்டில் தொடங்கலாம். ஒரே கிராமத்து வீட்டின் பேரில் எத்தனை விலையுயர்ந்த கார்கள் பதிவாகியிருக்கின்றன? காப்பீடு எந்த ஊர் விலாசத்தில் புதுப்பிக்கப்படுகிறது? சர்வீஸ் எங்கே நடக்கிறது? இதற்கெல்லாம் யாரையும் வெயிலில் நிறுத்தவேண்டியதில்லை. சிக்குகிறவரிடம் விட்டுப்போன வரியை வட்டியோடு வாங்கட்டும். பொய் ஒப்பந்தம் தயாரித்த தரகர் மீது வழக்குப் போடட்டும். விலாசம் கொடுத்த வீட்டுக்காரருக்கு முதல் தடவை எச்சரிக்கை போதும். அவருக்குக் கிடைத்தது சில ஆயிரம், காருக்குரியவருக்கு மிஞ்சியது பல லட்சம்.