நிற்பதற்கான ஏற்பாடு

பழைய காரில் எஞ்சினுக்கு முடியவில்லை என்றால் அது சத்தம் போட்டுச் சொல்லிவிடும். புகை விட்டும் சொல்லும். பிரேக் வாய் திறக்காது. பெடல் நாளாக நாளாக ஒரு நூலளவு இறங்கும், காலும் கூடவே இறங்கிப் பழகிவிடும். ஓட்டுகிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே படும், வேறொருவர் ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்க்கிற வரை. "என்ன தம்பி, மிதிச்சா தரைக்குப் போகுது?" என்றார் மிஸ்திரி. அதற்குப் பிறகு எழுதிவைத்தவை இவை.

*

வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவு, 948 சிசி. மாமா வைத்திருந்தது, இப்போது சோழவந்தானில் தோப்பு ஓரத்துக் கொட்டகையில் நிற்கிறது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் இதை 1961 முதல் செய்தது. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்று வெளிவந்த கார்; வடிவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. அந்த ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, அதே மிக்கெலோட்டி வரைந்த உடம்பை ஏற்றியதுதான் 1962இல் வந்த ஸ்பிட்பயர். அது முழு ஸ்போர்ட்ஸ் கார். முன்பக்கச் சஸ்பென்ஷன் இரண்டுக்கும் ஒரே குடும்பம்.

வெளிநாட்டுக் கார் இறக்குமதி ஏறக்குறைய அடைபட்டிருந்த அந்தக் காலத்தில் நம்மவர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று கைக்கு எட்டியது ஹெரால்டுதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஃபியட்டோடு இதுவும் ஓடியிருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஸ்பிட்பயருக்கு முதல் நாளிலிருந்தே முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக். நம்மூர் ஹெரால்டுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம். அண்ணன் தம்பியில் ஒருவனுக்குக் கிடைத்தது மற்றவனுக்குக் கிடைக்கவில்லை. டிஸ்க் போட வேண்டும் என்ற ஆசை அங்கிருந்துதான் பிறக்கிறது.

*

இந்த வண்டியின் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு விளக்கு எல்லாம் சேர்ந்து, முன்னால் சாய்ந்து திறக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இவ்வளவு இடம் கொடுக்கிற கார் வேறு நான் பார்த்ததில்லை.

டிரம்மைக் கழற்றியதும் மிஸ்திரியோடு வந்த பையன் ஊதிச் சுத்தம் செய்யப் போனான். மிஸ்திரி கையைப் பிடித்துக்கொண்டார். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பாது. ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து, துணியை ஒரு பையில் போட்டுக் கட்டினோம்.

டிரம்மின் உள்வட்டத்தில் விரலை வைத்துச் சுற்றினேன். ஷூ படுகிற இடம் குழிந்து, விளிம்பில் ஒரு வரப்பு நிற்கிறது. வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மிஸ்திரி நகத்தால் பின்னுக்குத் தள்ளினார். உள்ளேயிருந்து ஒரு சொட்டு, டிகாக்ஷன் நிறத்தில், தகட்டில் வழிந்தது. வெளியே இருந்து பார்த்தபோது அந்தச் சிலிண்டர் காய்ந்துதான் இருந்தது. பின்சக்கரத் தகட்டுக்குப் பின்னால் சதுரத் தலை வைத்த அட்ஜஸ்டர் இருக்கிறது. ஸ்பேனரால் திருப்பினால் கால் சுற்றுக்கு ஒரு 'டிக்' கேட்க வேண்டும். ஒரு பக்கம் கேட்டது. மறுபக்கம் துருவில் இறுகிப்போய் அசையவே இல்லை. ஆக, நான்கு சக்கரத்தில் ஒன்று வெகுநாளாகச் சும்மா சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

*

பிரேக் செய்வது ஒரே வேலைதான்: ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. வண்டி, ஆள் எல்லாம் சேர்த்து 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து ஒரு தடவை நிறுத்தினால் பிறக்கிற சூடு அரை லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும். 40இலிருந்து நிறுத்தினால் அதில் கால் பங்குதான். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. இந்தக் கணக்குத் தெரிந்தவர் கால் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

டிரம்முக்கு அந்தச் சூட்டை வெளியேற்றும் வழி குறைவு. சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகிப்போகும். பெடல் இன்னும் கீழே போகும். டிஸ்க் சூடேறினால் பேடை நோக்கித்தான் தடிக்கும், காற்றும் நேராகப் படும். தண்ணீர் பட்டாலும் சுற்றுகிற வேகத்தில் உதறிவிடும். டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் நாலைந்து தடவை மிதித்துக் காயவைத்தால்தான் பிடிக்கும். வாய்க்கால் வழிகிற நாளில் இங்கே ஓட்டியவர்களுக்குத் தெரியும். 1953இல் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் ஜெயித்தது டன்லப் டிஸ்க் பிரேக்கோடுதான். ராத்திரி பகலாக, சுற்றுக்குச் சுற்று நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் உச்ச வேகத்திலிருந்து இறக்க வேண்டிய பந்தயம் அது. முதல் தடவை நிற்பதில் நல்ல டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பத்தாவது தடவையில்தான் தெரியும்.

நான் பத்து தடவை அடுத்தடுத்து மிதிக்கிற இடம் எது? சிறுமலையிலிருந்து இறங்கும்போது. கொடைக்கானலிலிருந்து வத்தலகுண்டு வரும்போது. மற்றபடி திருவேடகம், மேலக்கால் வழியாக மதுரை போய் வருவதற்கு டிரம் தாராளம், அது டிரம்மாக இருந்தால்.

*

"மாருதி டிஸ்க்கு போட்டுருவோமா? மதுரையில அள்ளிக் கெடக்கு" என்றார் மிஸ்திரி.

"போல்ட் வட்டம் ஒத்து வராதேண்ணே."

"அளந்து பாத்துருவோம்."

அளந்தோம். இரண்டுக்கும் நான்கு போல்ட்தான். தூரத்தில் வைத்துப் பார்த்தால் பொருந்திவிடும் போலத்தான் இருக்கும். ஹெரால்டின் போல்ட் வட்டம் 95.25 மில்லிமீட்டர். மாருதி 800இன் வட்டம் 114.3. ஹப்பில் புதுத் துளை போட வேண்டும், காலிப்பரைத் தாங்கத் தகடு வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். பிரேக்கின் முழுப் பாரமும் அந்தத் தகட்டில்தான் விழும். எந்தக் காரிலும் யாரும் சோதித்துப் பார்க்காத தகடு. அவர் வெர்னியரைத் துடைத்து உறையில் போட்டார். "வேணாம்ப்பா. இது விட்டுச்சுன்னா வீலோட விடும்." முப்பது வருஷம் கார் வேலை பார்த்தவர் ஒரு வேலையை வேண்டாம் என்று சொல்வதை நான் மதிக்கிறேன்.

சரியான வழி ஸ்பிட்பயர் குடும்பத்துச் சாமான்களையே வரவழைப்பது: ஹப், டிஸ்க், கிர்லிங் காலிப்பர், அதைத் தாங்கும் தகடு. இங்கிலாந்தில் இன்றும் கிடைக்கின்றன. ஒரே சஸ்பென்ஷன் என்பதால் வெட்டவும் ஒட்டவும் வேண்டாம். கிர்லிங் என்ற பெயர் நமக்குப் புதிதும் இல்லை. லூகாஸ் கிர்லிங்கும் டி.வி.எஸ். குழுமமும் கைகோத்து 1962இல் சென்னையில் தொடங்கியதுதான் பிரேக்ஸ் இந்தியா. அந்த டி.வி.எஸ். 1911இல் மதுரையில் தொடங்கியது. பிரேக் என்ற சாமானை இந்த நாட்டுக்குச் செய்து கொடுத்தவர்களின் வேர் இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகிற ஊரில் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு, மறைக்கத் தோன்றவில்லை.

*

டிஸ்க் வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியவை.

மிதிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டியின் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். ஹெரால்டின் பின்னச்சு இரண்டு பக்கமும் தனித்தனியே ஆடுகிற ஸ்விங் ஆக்சில். வளைவில் பிரேக் போட்டால் சக்கரம் உள்ளே மடங்கும் குணம் அதற்கு ஏற்கெனவே உண்டு. அதனால் முன்னால் எதை மாற்றினாலும் பின்னால் வீல் சிலிண்டரைப் பெரிதாக்கக் கூடாது. பின்னதைச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம், பலமாக்கக் கூடாது.

டிரம்மில் சக்கரம் சுற்றுகிற சுற்றே முன் ஷூவை இழுத்து அழுத்திக்கொடுக்கும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. கால் அதிகம் அழுத்த வேண்டும். டிஸ்க் போட்ட பிறகு "முன்னைவிட மோசமாயிருச்சு" என்று பலர் சொல்வது இதனால்தான். மாஸ்டர் சிலிண்டரும் பார்க்க வேண்டும். டிரம்முக்காக லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் பேட் டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டே ஓடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஹெரால்டின் பிரேக் ஒற்றை லைன். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் போய்விடும். கையில் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக். 1968 ஜனவரி முதல் அமெரிக்காவில் விற்கும் புதுக் கார்களுக்கு இரட்டை லைன் கட்டாயம் என்று சட்டமே வந்தது, ஸ்பிட்பயரும் அதற்கேற்ப மாறியது. ஆகவே காசு ஒரு வேலைக்குத்தான் இருக்கிறது என்றால், டிஸ்க்கைத் தள்ளிவைத்து இரட்டை மாஸ்டர் சிலிண்டர் போடுங்கள் என்பேன். டிஸ்க் சக்கரத்தின் இடைவெளியில் பளபளவென்று தெரியும். இரட்டைச் சிலிண்டர் பானெட்டுக்குள் ஒளிந்திருக்கும். அதனால்தான் யாரும் கேட்பதில்லை.

*

அறுப்புக் காலத்தில் இந்தப் பக்கம் ரோட்டில் நெல் காயும். வைக்கோலும் பரப்புவார்கள், வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று. அதன் மேல் எந்தப் பிரேக்கும் பிரேக் இல்லை. டயருக்கும் ரோட்டுக்கும் இடையே எவ்வளவு பிடிப்பு இருக்கிறதோ அவ்வளவுதான் நிறுத்தம். டிஸ்க்கோ டிரம்மோ அதற்கு மேல் ஒரு இம்மியும் தர முடியாது. நெல்மணி மேல் சக்கரம் பூட்டினால் ஸ்டியரிங்கும் கேட்காது. கொடிக்காலிலிருந்து வெற்றிலைக் கட்டு ஏற்றிய சைக்கிள் வரப்பிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிறது என்று வையுங்கள். 60 கிலோமீட்டரில் போனால், நான் பார்த்துக் கால் நகர்கிற ஒரு விநாடிக்குள்ளேயே வண்டி 16 மீட்டருக்கு மேல் போயிருக்கும். அதுவரை பிரேக்குக்கு வேலையே தொடங்கவில்லை.

இந்த ரோட்டில் பிரேக் எனக்காக இல்லை. அந்தச் சைக்கிள்காரருக்காக. அவர் என் காரைப் பற்றி ஒன்றும் அறியாதவர். அது நிற்கும் என்று நம்பித்தான் ரோட்டுக்கு ஏறுகிறார்.

*

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 140 தாங்கினாலே போதும் என்கிறது தர அளவு. டாட் 4க்கு 230, 155. இறக்கத்தில் சூடேறி ஆயில் கொதித்தால் லைனில் ஆவி நிற்கும். ஆவி அமுங்கும், பெடல் வெறுமையாகப் போகும். புது டிஸ்க்குக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டுப் பழைய ஆயிலை அப்படியே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முன்சக்கரத்தைக் கழற்றியதோடு டிரனியனையும் பாருங்கள். எஃகுத் தண்டு வெண்கலக் கட்டைக்குள் மரைபோட்டுத் திரும்புகிற இடம். அதற்குக் கிரீஸ் ஆகாது, கியர் ஆயில் வேண்டும். காய்ந்து தேய்ந்தால் ஒருநாள் தண்டே ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். அந்தச் சக்கரத்துக்கு எந்தப் பிரேக் போட்டு என்ன?

*

பிரேக் லைனிலிருந்து ஏர் எடுப்பது இருவர் வேலை. நான் சீட்டில், மிஸ்திரி சக்கரத்தடியில், கண்ணாடி பாட்டிலும் ஒரு குழாயுமாக.

"மிதி."

மிதித்தேன்.

"பிடி… விட்றாத."

குழாயில் குமிழி ஓடிற்று. நிப்பிளை இறுக்கினார். "இப்ப விடு." மறுபடி மிதி, பிடி, விடு. தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கிக் கிட்டச் சக்கரம் வரை. கொட்டகையில் வேறு பேச்சே இல்லை. ஒவ்வொரு மிதியிலும் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. கடைசியில் காலுக்கடியில் கல்லாக நின்றது. மனதுக்கு இவ்வளவு அமைதி தருகிற வேலைகள் அதிகம் இல்லை.

*

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 50 வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021இல் வந்த விதி, சேஸிஸ், பாடி, எஞ்சின் மாறாமல் இருக்க வேண்டும் என்கிறது. டிஸ்க் போடுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. கழற்றிய டிரம்களை எண்ணெய் தடவிப் பெட்டியில் வையுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள்.

*

இப்போதைக்கு ஹெரால்டில் டிரம்களே இருக்கின்றன. லேத்தில் ஒரு சீவல் சீவி, புது லைனிங் ஒட்டி, வீல் சிலிண்டர் கிட் நான்கும், ஹோஸ்கள் எல்லாமும், ஆயிலும் மாற்றியாகிவிட்டது. இரட்டை மாஸ்டர் சிலிண்டர் அடுத்தது. டிஸ்க் அதற்கும் பிறகு. பழைய கார் வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால், இந்த வாரமே பிரேக் ஹோஸைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள். ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.