முதல் ஓனர்

நாமக்கல்லில் ஹெவி லைசென்ஸ் எடுத்த பையன் வேலை தேடி அலைய வேண்டியதில்லை. கேஸ் டேங்கர், முட்டை லாரி, திருச்செங்கோடு பக்கம் போனால் போர்வெல் ரிக் வண்டி என்று எங்கே திரும்பினாலும் டிரைவர் கேட்கிறார்கள். அதனாலேயே யாரிடம் போய்ச் சேருவது என்பது பெரிய கேள்வியாகிவிடுகிறது. என் தங்கை மகன் இப்போது அந்தக் கேள்வியோடு வந்து நிற்கிறான். "மூணு எடத்துல கூப்பிடறாங்க. எதுக்குப் போகட்டுங்க மாமா?"

முதலாவது, ஒற்றை லாரி வைத்திருக்கும் தூரத்துச் சொந்தக்காரர். வடநாட்டு லைன், டிரிப் கணக்கு, கையில் உடனே அட்வான்ஸ். இரண்டாவது, டேங்கர் கம்பெனி. அபாயகரமான சரக்கு ஓட்டுவதற்கான பயிற்சிச் சான்றிதழ் வாங்கி வந்தால் மாதச் சம்பளமும் பேட்டாவும். மூன்றாவது, கேரளாவுக்குப் போகும் முட்டை லாரி. சம்பளம் இருப்பதிலேயே குறைவு. சில மாதம் மூத்த டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். அட்வான்ஸ் கிடையாது.

அவன் சம்பளத்தை வரிசைப்படுத்தி வைத்திருந்தான். நான் சம்பளத்தை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று கேட்டேன். லாரித் தொழிலில் டிரைவரின் பழக்கத்தை அந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது.

டீசலை எடுத்துக்கொள்வோம். இந்த லைனுக்கு இவ்வளவு டீசல், மிச்சம் பிடித்தால் உனக்கு என்று பேசுகிற ஓனர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மிச்சம் இறக்கத்தில்தான் கிடைக்கும் என்று புது டிரைவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். தொப்பூர் கணவாயில் வண்டியை நியூட்ரலில் விடுவான். இன்ஜினின் பிடி போய்விடும். மொத்தப் பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். டிரம் சூடேறினால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. அந்தச் சாலையில் நடக்கும் விபத்துகளுக்கு வளைவும் சரிவும் காரணம் என்று சொல்கிறோம். மிச்சம் பிடித்த டீசலுக்கும் அதில் பங்கு உண்டு.

நான் கிளீனராக இருந்தபோது என் டிரைவர் அண்ணன் அதே தொப்பூரில், மேட்டில் ஏறுகிற கியரிலேயே இறக்குவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் தீர்ப்பார்கள். அவர் காதிலேயே வாங்கமாட்டார். அடிவாரம் வந்ததும் ஓரங்கட்டி, ஒவ்வொரு சக்கரமாகப் போய்ப் புறங்கையை டிரம்மில் படாமல் பக்கத்தில் காட்டிச் சூடு பார்ப்பார். ஏதாவது ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால், அது ஆறுகிற வரை வண்டி நகராது. லோடு தாமதமானதற்கு எங்கள் ஓனர் அவரை ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. அந்த நிதானத்தில் பாதி டிரைவருடையது, பாதி ஓனருடையது என்று நான் ஸ்டியரிங் பிடித்த பிறகுதான் விளங்கியது.

லைசென்ஸ் இதற்கெல்லாம் பதில் சொல்லாது. இருபது வயது நிரம்பி, ஓராண்டாவது இலகுரக வாகன லைசென்ஸ் கையில் இருந்தால், கனரக வாகனத்துக்கு எல்.எல்.ஆர். போட்டுவிடலாம். ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலி வண்டியை ஓட்டிக் காட்டுகிறான். ரோட்டில் அவன் ஓட்டப்போவது, 2018 முதல் மொத்த எடை 28.5 டன் வரை அனுமதிக்கப்பட்ட பத்துச் சக்கர லாரி. அதற்கு மேலும் ஏற்றச் சொன்னால்? 2019 திருத்தத்தின்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். அதை யார் கட்டுவது, டிரிப் கணக்கில் பிடிப்பார்களா என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும். கேட்டதும் ஓனர் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை நேரத்துக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. நாளுக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் போவதற்குள் அரை மணி ஓய்வு என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே எழுதி வைத்தது. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது அது. ஒற்றை லாரிக்காரரிடம் போகிறவனுக்கு ஓனரின் குணம்தான் சட்டம். அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. தவணை கட்ட வேண்டிய தேதி நெருங்கினால் நல்ல மனிதரும் "கொஞ்சம் சீக்கிரம் பாரு தம்பி" என்பார். அட்வான்ஸ் வாங்கியவன் அந்த வார்த்தையைத் தட்ட முடியாது.

ஆகவே மூன்று பேரிடமும் ஒரே கேள்வி கேட்கச் சொன்னேன்: "ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கம் வருதுங்க, வண்டிய ஓரங்கட்டறேன்னு போன் பண்ணுனா என்ன சொல்லுவீங்க?" வாய்ப் பதிலை மட்டும் நம்பாதே, அவர்களிடம் பல வருஷமாக நிலைத்திருக்கும் டிரைவர் யாராவது உண்டா என்று பார், அவரிடம் தனியாகப் பேசு, நிற்கும் வண்டியின் டயரைப் பார் என்றேன். சம்பளத்தைக் கூட்டிச் சொல்லலாம். வழுக்கையான டயரை மறைக்க முடியாது.

என் விருப்பம் முட்டை லாரி. திடீர் பிரேக் போட்டால் அட்டைக்கு முப்பது முட்டை கணக்குச் சொல்லிவிடும் என்பதால், பொறுமையான கால் தானாக வரும். தங்கைக்கு இதில் வருத்தம்தான். சீட்டுப் பணம் கட்ட வேண்டும், அட்வான்ஸ் வந்தால் ஆகும் என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஓனரைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கடன் இல்லாத வீட்டுக்குத்தான் முழுசாக வாய்க்கிறது. அந்தச் சீட்டை இந்த வருஷம் நான் கட்டுகிறேன் என்றேன். புத்தி சொன்னவன் அதற்கான செலவிலும் கொஞ்சம் ஏற்றுக்கொண்டால்தானே கேட்கிறவனால் அதன்படி நடக்க முடியும்?