போலீஸ் இல்லாத சாலையில் ஒரு முஃமின்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு பைக்கில் வந்துகொண்டிருக்கிறீர்கள். எதிரே வருகிற ஒருவர், முன்பின் பார்த்திராதவர், ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்துக் காட்டுகிறார். உங்களுக்கு உடனே புரிந்துவிடுகிறது, முன்னால் போலீஸ் நிற்கிறது. வேகத்தைக் குறைக்கிறீர்கள். டேங்கின் மேல் இருந்த ஹெல்மெட் தலைக்கு ஏறுகிறது. போலீஸாரைத் தாண்டி இருநூறு மீட்டர் போனதும் ஹெல்மெட் மறுபடியும் டேங்குக்கு வந்துவிடுகிறது, வண்டியும் பழைய வேகத்துக்குப் போய்விடுகிறது. பிறகு எதிரே வருகிற இன்னொருவருக்கு நீங்கள் லைட் அடிக்கிறீர்கள்.

இதை நம்மில் யாரும் பாவம் என்று நினைப்பதில்லை. ஓர் ஏழையின் ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்திக் கொடுத்த நன்மை என்றுதான் நினைக்கிறோம். அது உண்மையிலேயே நன்மைதானா? இந்த ஜும்ஆவில் நாம் யோசிக்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஏரியில் காக்கும் முறை, சாலையில் எங்கே போனது?

பழவேற்காடு ஏரியை அறிந்தவர்களுக்குப் பாடு என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் சில உண்டு. எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது. அதனால் இன்ன நாள் இன்னார், இன்ன இடம் என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்வார்கள். இது தலைமுறை தலைமுறையாக வருகிற ஏற்பாடு. தன் முறை இல்லாத நாளில் அந்த இடத்தில் ஒருவர் வலை கட்டமாட்டார்.

அந்தத் தண்ணீரில் கேமரா இல்லை. இருட்டில் யார் வலை கட்டுகிறார்கள் என்று பார்க்க ஒரு காவலரும் நிற்பதில்லை. தகராறே வந்ததில்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்த முறை நின்று நிலைத்திருக்கிறது என்றால், மீறினால் அடுத்தவர் வீட்டு அடுப்பு எரியாது என்பது மீறுகிறவருக்குத் தெரியும் என்பதுதான் காரணம்.

அடுத்தவரின் இறாலுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கத் தெரிந்த மண் இது. அதே மண்ணின் சாலையில் அடுத்தவரின் உயிருக்கு மட்டும் போலீஸ் நின்றால்தான் மரியாதை கொடுப்போம் என்றால், அது நியாயமா? சொல்லுங்கள்.

வேக வரம்பு மார்க்கத்தோடு சம்பந்தப்பட்டதா?

"அது அரசாங்கச் சட்டம், தீனோடு என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்பார்கள்.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். மத்திய அரசு 2018 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, நடுவில் தடுப்புள்ள நான்கு வழிச் சாலையில் பைக்குக்கு உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். ஊருக்குள் உள்ள சாலைகளிலும் மற்றச் சாலைகளிலும் 60. அதைவிடக் குறைவாகப் பலகை வைத்திருந்தால் பலகையில் உள்ளதுதான் கணக்கு. ஆக, நான்கு வழிச் சாலையை விட்டு இறங்கி ஏரிப் பக்கம் திரும்பிய பிறகு 60ஐத் தாண்ட பைக் ஓட்டும் யாருக்கும் அனுமதி இல்லை. ஒரு முறை சிக்கினால் அபராதம். மறுபடியும் சிக்கினால் லைசென்ஸையே வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

இப்போது மார்க்கத்துக்கு வருவோம். 1993ஆம் ஆண்டு புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் 8ஆவது அமர்வு சாலை விபத்துகளைப் பற்றித் தனியாகவே ஆராய்ந்தது. ஷரீஅத்துக்கு முரணாகாத போக்குவரத்து விதிகளைப் பின்பற்றுவது மார்க்க அடிப்படையிலேயே கடமை என்று அந்த உலமாக்கள் முடிவு செய்தார்கள். மக்களின் உயிரையும் பொருளையும் காக்கும் பொதுநலன் அதில் அடங்கியிருக்கிறது என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

நம் கையில் இருக்கும் லைசென்ஸையும் நினைத்துப் பாருங்கள். விதிகளை மதித்து ஓட்டுவேன் என்ற நிபந்தனையில்தான் அது நமக்குக் கிடைத்தது. வாக்கை நிறைவேற்றுவது ஈமானின் அடையாளம் என்று படித்திருக்கிறோம். அது கடையில் சரக்கு வாங்கும்போது மட்டும் உள்ள கட்டளை அல்ல.

நாலரை நிமிடம்

"ஹஸ்ரத், உங்களுக்கு என்ன தெரியும்? ஐஸ் உருகினால் மீன் விலை போகாது. ஏலத்துக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டும்" என்று ஒரு தம்பி கேட்கலாம். நியாயமான கேள்விதான். உழைத்துச் சம்பாதிப்பவனின் அவசரத்தை நாம் கேலி செய்யக் கூடாது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் அல்லவா?

பதினெட்டு கிலோமீட்டர் தூரம் என்று வையுங்கள். 60இல் போனால் 18 நிமிடம். 80இல் போனால் பதின்மூன்றரை நிமிடம். மிச்சம் நாலரை நிமிடம்! அதுவும் வழியில் ஒரு மாடோ, பஸ்ஸோ, வேகத்தடையோ குறுக்கே வராமல் இருந்தால்தான். அந்த நாலரை நிமிடத்தில் மீன் கெட்டுப்போகாது. பெட்டியில் இன்னும் இரண்டு கை ஐஸ் அள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நாலரை நிமிடத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? 60இல் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். குழந்தை குறுக்கே வருவதைக் கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் அந்த 17 மீட்டர் போய்விடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் பலம் நான்கு மடங்காகும். 40இல் மோதினால் கால் முறிவோடு தப்பக்கூடியவர், 80இல் மோதினால் பிழைப்பது அரிது.

மத்திய அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் இறந்ததற்கு அதிவேகமே காரணம். இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த ஆண்டில் மிக அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு.

நபி (ஸல்) அவர்கள் காட்டிய வேகம்

வேகமே கூடாது என்று இஸ்லாம் சொல்லவில்லை. ஹஜ்ஜத்துல் விதாவில் அரஃபாவிலிருந்து திரும்பியபோது நபி (ஸல்) அவர்கள் எப்படி ஒட்டகத்தைச் செலுத்தினார்கள் என்று உஸாமா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. கூட்டத்தில் நடுத்தரமாகச் சென்றார்கள், வெட்டவெளி கிடைத்த இடத்தில் சற்று விரைந்தார்கள் என்பது அவர்கள் தந்த பதிலின் கருத்து. அதே பயணத்தில் பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் இரைச்சல் கேட்டபோது, நன்மை அவசரத்தில் இல்லை என்று கூறி மக்களை அமைதிப்படுத்தினார்கள். புகாரீயில் பதிவாகியிருக்கிற செய்திகள் இவை.

இடத்துக்கு ஏற்ற வேகம் என்பது நபிவழி. நான்கு வழிச் சாலைக்கு ஒரு வேகம், கிராமச் சாலைக்கு ஒரு வேகம் என்று இன்றைய சட்டம் சொல்வதும் அதைத்தானே?

பெண்கள் அமர்ந்திருந்த ஒட்டகங்களைப் பாட்டுப் பாடி விரைவுபடுத்திய அன்ஜஷா (ரலி) அவர்களிடம், கண்ணாடிப் பாத்திரங்களைக் கொண்டுபோவதுபோல மென்மையாகப் போகச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். மனைவியைப் பின்னாலும் பிள்ளையை முன்னாலும் உட்கார வைத்து ஓட்டும் சகோதரரே, உங்கள் வண்டியில் இருப்பதும் கண்ணாடிதான்.

இன்னொன்று, நம் எல்லோருக்கும் வலிக்கக்கூடியது. வாரத்தில் நம் தெருக்களில் பைக்குகள் மிக வேகமாகப் பறக்கும் நேரம் எது? வெள்ளிக்கிழமை பாங்கு சொன்ன பிறகுதான்! இகாமத் கேட்டாலும் ஓடாதீர்கள், அமைதியாக வாருங்கள், கிடைத்ததைத் தொழுங்கள், தவறியதைப் பூர்த்தி செய்யுங்கள் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. காலால் ஓடி வருவதற்கே அனுமதி இல்லாத தொழுகைக்கு, மூவர் ஏறிய பைக்கில் பறந்து வருகிறோம். பழவேற்காட்டின் பழைய பள்ளிவாசல் ஒன்றில் சூரியக் கடிகாரம் இருக்கிறது. நம் முன்னோர் நிழலைப் பார்த்து நேரம் அறிந்தவர்கள். ஜும்ஆ திடீரென்று வருவதில்லை. காலையிலிருந்தே நிழல் நகர்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. பத்து நிமிடம் முன்னதாகப் புறப்பட்டால் போதும்.

லைட் அடிப்பது உதவியா?

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம்.

அநீதி செய்கிற சகோதரனுக்கும் உதவி செய்யுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அது எப்படி என்று தோழர்கள் கேட்டார்கள். அவனை அந்த அநீதியிலிருந்து தடுப்பதுதான் அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கம் கிடைத்தது.

இந்த உரைகல்லில் நம் ஹெட்லைட்டை உரசிப் பாருங்கள். வளைவுக்கு அப்பால் மாடு படுத்திருக்கிறது, மீன் வண்டியிலிருந்து வடிந்த தண்ணீர் வழுக்குகிறது, விபத்து நடந்து ஆட்கள் கூடியிருக்கிறார்கள் என்று எச்சரிக்க லைட் அடித்தால் அது ஸதகா. பாதையிலிருந்து தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை.

போலீஸ் நிற்கிறது என்று லைட் அடித்தால்? அந்த மனிதர் 200 மீட்டருக்கு மட்டும் நல்லவராகிறார். அதற்கு அப்பால் மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கும் தாயை அதே பழைய வேகத்தில்தான் கடக்கப் போகிறார். அவருடைய ஆயிரம் ரூபாயை நாம் காப்பாற்றினோம். அந்தத் தாயை யார் காப்பாற்றுவது? பாவத்தில் ஒருவருக்கொருவர் துணைபோவதை மார்க்கம் தடுத்திருப்பதை மறந்துவிடாதீர்கள்.

"போலீஸ்காரர்கள் மட்டும் யோக்கியமா? மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறார்கள், ஏழையைத்தான் பிடிக்கிறார்கள், கையில் கொடுத்தால் விட்டுவிடுகிறார்கள்" என்ற புகார் உண்டு. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். லஞ்சம் வாங்குபவர் அதற்காக அல்லாஹ்விடம் பதில் சொல்வார். கொடுப்பவரும் அந்தப் பாவத்தில் பங்காளி. அபராதம் என்றால் ரசீது கேளுங்கள், முறைப்படி கட்டுங்கள், தவறாகப் போட்டிருந்தால் முறைப்படி மறுத்துப் பேசுங்கள். ஒரு காவலரின் குற்றம் என் வேகத்தை ஹலாலாக்காது.

இன்சூரன்ஸ் கட்டாத கடன்

தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால், அதற்கும் குர்ஆன் சட்டம் சொல்கிறது. ஸூரத்துன் நிஸாவில் நஷ்டஈட்டோடு பரிகாரமும் சொல்லப்பட்டிருக்கிறது. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாதவர் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்க வேண்டும். ஓட்டுநரின் கவனக்குறைவால் நேர்ந்த சாவுக்கும் உலமாக்கள் இதையே சொல்கிறார்கள். நீதிமன்றம் சொல்லும் தொகையை இன்சூரன்ஸ் கட்டிவிடும். அந்த அறுபது நோன்பை இன்சூரன்ஸ் நோற்காது. இறந்தவரின் பிள்ளைகளைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் நம் முகம் தானாகத் தாழுமே, அதையும் அது சுமக்காது.

பெற்றோர்களே, பதினெட்டு வயது ஆகாத மகன் ஆசைப்பட்டான் என்று கியர் பைக்கின் சாவியைக் கொடுக்காதீர்கள். அவன் செய்யும் குற்றத்துக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி உங்களுக்கு மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அதைவிடப் பெரிது, ஒவ்வொரு பொறுப்பாளரும் தன் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்பது.

விடுமுறையில் ஏரியையும் பறவைகளையும் பார்க்க பைக்கில் வரும் தம்பிகளே! உங்களுக்கு இது ஒரு நாள் உலா. ஓரத்தில் வலை உலர்த்துபவர்களுக்கு இது வீட்டு வாசல். ஹெல்மெட்டின் பட்டையை மாட்டுங்கள், பின்னால் இருப்பவருக்கும் ஒன்று கொடுங்கள். குப்பங்களுக்குள் நுழைந்ததும் 30க்கு இறங்குங்கள். சாலையில் மணலும் ஈரமும் இருக்கும் இடத்தில் திடீர் பிரேக் பிடிக்காதீர்கள். இருட்டுவதற்கு முன் திரும்பிவிடுங்கள்.

எங்காவது யாராவது விழுந்து கிடந்தால் கடந்து போகாதீர்கள், 108ஐ அழையுங்கள். உதவியவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இப்போது சட்டமே பாதுகாக்கிறது. தமிழக அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்கு இலவசச் சிகிச்சையும் உண்டு.

அன்பானவர்களே! இன்று தொழுகை முடிந்து வீடு திரும்பும்போது சாலையில் ஒரு போலீஸும் இருக்கமாட்டார். யாரும் லைட் அடிக்கமாட்டார்கள். அந்த வளைவில் ஆக்ஸிலேட்டரைப் பிடித்திருக்கும் கையை நீங்கள் தளர்த்தினால், அதைப் பார்ப்பவன் ஒருவன் மட்டும்தான். அவன் பார்ப்பது போதும் என்று நினைப்பதற்குப் பெயர்தான் தக்வா.

யா அல்லாஹ்! எங்கள் கைகளால் எந்த உயிரும் போகாமல் காப்பாயாக. வீட்டிலிருந்து புறப்பட்ட எங்கள் பிள்ளைகளை வீட்டுக்கே திருப்பித் தருவாயாக. நிதானத்தை எங்கள் குணமாக ஆக்குவாயாக. ஆமீன்.